அதிபர் ஆணா பெண்ணா? வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர் நின்று பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வடமராட்சிப் பிள்ளை. 2010இல் முதல் நியமனம் முல்லைத்தீவு மாவட்டத்துக்குக் கிடைத்தபோது, "சேவைக்காலம் முடிஞ்ச கையோட ஓடி வந்திடு" என்று சொல்லித்தான் அம்மா பெட்டி கட்டித் தந்தார் (சேவைக்காலம் என்றால், இடமாற்றம் கேட்க முன்னர் அங்கே கட்டாயம் நிற்க வேண்டிய காலம்). நான் ஓடவில்லை. இன்றும் வன்னியில்தான் படிப்பிக்கிறேன். இதுவரை மூன்று அதிபர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன்; இருவர் ஆண்கள், ஒருவர் பெண். புதிதாக வரும் ஆசிரியர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரும், ஒன்றிரண்டு அதிபர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெண் அதிபர் வந்தால் ஆசிரியர்கள் நிற்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆண் அதிபர் வந்தால் எல்லோரும் நிற்பார்கள் என்பதும் உண்மையில்லை. அதற்காக, அதிபர் ஆணா பெண்ணா என்பதால் ஒரு வித்தியாசமும் வராது என்று சொன்னால் அதுவும் பொய். வித்தியாசம் வருகிறது. யாருக்கு வருகிறது, எந்த வழியால் வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

வன்னியில் மட்டும் இது ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

இங்கே படிப்பிக்கிறவர்களில் நிறையப் பேர் இங்கே பிறந்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியா நகரத்திலிருந்தும் விடிய முன்னரே பஸ் ஏறி வருகிறவர்கள், அல்லது கிழமை முழுக்க ஆசிரியர் விடுதியில் தங்கி வெள்ளி மத்தியானம் வீட்டுக்குப் போகிறவர்கள். ஏ-9 வீதியோரப் பாடசாலை என்றால் பரவாயில்லை. மாங்குளத்தில் இறங்கி மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ உள்ளே போக வேண்டியவருக்கு அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. துணுக்காய், மடு, முல்லைத்தீவு, வவுனியா வடக்குக் கல்வி வலயங்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஒருவர் வந்து சேர்ந்தால் ஊரே சந்தோசப்படும். அவர் இரண்டு வருசத்தில் போய்விட்டால் சாதாரண தர வகுப்பே ஆடிப்போகும்.

யுத்த காலத்தில் இந்தப் பாடசாலைகளைத் தாங்கியதில் உள்ளூர்த் தொண்டர் ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மீள்குடியேற்றத்தின்போது மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் வகுப்புகள் மறுபடி தொடங்கியபோதும் அவர்கள் நின்றார்கள். பிறகு அவர்களில் பலருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. அவர்கள் ஊரோடு ஒட்டியவர்கள், அதிபர் யாரென்று பார்த்துப் போவதில்லை. அதிபரைப் பார்த்து முடிவெடுப்பவர் வெளியிலிருந்து வருகிறவர்.

"போவது" என்றால் இங்கே என்ன அர்த்தம்? அரச வேலையை யார் விடுகிறார்கள்?

வேலையை விடுகிறவர் குறைவுதான். இங்கே போவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதலாவது, வருடாந்த இடமாற்றம். இரண்டாவது, தற்காலிக இணைப்பு: சம்பளம் இந்தப் பாடசாலையின் பெயரில், ஆள் வேறு பாடசாலையில். ஆளணிப் பட்டியலில் அவருடைய பெயர் அப்படியே கிடப்பதால் வெற்றிடம் என்று காட்டிப் புதியவர் ஒருவரைக் கேட்கவும் முடியாது. மூன்றாவது, நீண்ட மருத்துவ லீவு. நான்காவது, 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர் சம்பளமின்றி ஐந்து வருசம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்ததே, அந்த வழி.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அது வராது. ஆள் வருவார், கையெழுத்து வைப்பார், பாடத்துக்குப் போவார், ஒரு மணிக்கே பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார். நல்ல அதிபரா இல்லையா என்று இந்த ஐந்தாவது வகையை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் இதைத் தேசிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே பொதுப் பாடசாலைகளின் ஆசிரியர், அதிபர் தரவுகளை வைத்து 2012இல் வந்த ஓர் ஆய்வு, பெண் அதிபரின் கீழ் வேலை செய்யும் ஆண் ஆசிரியர்களுக்கு வேலையில் மனநிறைவு குறைவு, அவர்கள் விலகுவதும் கூடுதல் என்று கண்டது. அதிபர்களின் நிர்வாகப் பாணி பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 1992இல் வந்த ஒரு கட்டுரை, பெண் அதிபர்கள் ஆண்களைவிடக் கலந்து பேசி முடிவெடுப்பது கூடுதல் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலந்து பேசுகிறவரிடமிருந்து ஏன் ஆண்கள் விலகிப் போகிறார்கள்? அப்படியென்றால் குறை முழுவதையும் அதிபரின் தலையில் கட்ட முடியாது. பெண்ணிடமிருந்து உத்தரவு வாங்கும் பழக்கம் இல்லாத மனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னும் இரண்டு முடிவுகளை இதோடு வைக்க வேண்டும். இரண்டுமே 2011இல் வந்தவை. நியூயோர்க் நகரத்தில், ஆசிரியர் நிற்பதா போவதா என்று முடிவெடுப்பதில் மற்ற எந்த வேலைச் சூழலையும்விடப் பாடசாலை நிர்வாகம்தான் கூடுதலாகத் தாக்கம் செலுத்தியது. மற்றொரு ஆய்வு, வறிய பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் பாடசாலைகளில் அதிபரின் திறமை ஆசிரியரைத் தக்கவைப்பதில் இன்னும் பெரிய வேலை செய்கிறது என்றது. இந்தக் கடைசி வரியை நான் வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது எங்கள் பாடசாலைகள்தான்.

அமெரிக்க முடிவு எங்களுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. அங்கே ஆசிரியர் தானே வேறு பாடசாலைக்கு விண்ணப்பித்துப் போகலாம். இங்கே யார் எங்கே போவது என்று வலயமும் மாகாணத் திணைக்களமும்தான் தீர்மானிக்கின்றன. மனம் போனாலும் ஆள் நிற்க வேண்டிவரும். அதனால் எங்களிடம் அதிபரின் தாக்கம் இடமாற்ற எண்ணிக்கையில் முழுதாகத் தெரியாது. லீவில் தெரியும், இணைப்புக் கேட்டு ஓடும் ஓட்டத்தில் தெரியும், நான் சொன்ன அந்த ஐந்தாவது வகையில் தெரியும்.

இன்னொரு வித்தியாசம். இலங்கையில் ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்களவு பெண்கள். அதிபர் கதிரையிலோ ஆண்கள்தான் கூடுதல். ஆகவே இங்கே வழமையாகக் காணும் காட்சி, ஆண் அதிபரின் கீழ் பெண் ஆசிரியைகள். எங்கள் கேள்வி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆண் அதிபரிடம் ஓர் ஆசிரியை சொல்ல முடியாமல் தவிப்பது எவை?

கேட்டால் சின்னதாகத் தெரியும். நான் வந்த புதிதில் விடுதியில் ஐந்து பெண்கள் இருந்தோம். கழிவறைக் கதவுக்கு உள்கொண்டி இல்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல். கிணற்றடிக்கு மறைப்பும் இல்லை, விடிய நாலரைக்கு இருட்டோடு குளித்து முடிக்க வேண்டும். மாரி காலத்தில் அந்த இருட்டில் பாம்புப் பயம் வேறு. இரண்டு மாதம் நாங்கள் அதிபரிடம் வாய் திறக்கவில்லை. "கொண்டி இல்லை சேர்" என்று சொல்ல என்ன வெட்கம் என்று இன்று நீங்கள் கேட்கலாம். இருபத்துநாலு வயதில், ஊர் தெரியாத இடத்தில், தகப்பன் வயது மனிதர் ஒருவரின் முன்னால் அது வராது. அதற்குள் ஒருத்தி மருத்துவச் சான்றிதழ் அனுப்பிவிட்டு வீட்டில் நின்றுவிட்டாள். திரும்பி வரவேயில்லை.

பிறகு எங்களில் மூத்தவர் ஒரு தாளில் எழுதி அதிபரின் மேசையில் வைத்தார். அடுத்த நாளே கொண்டி வந்தது, கிழமை முடிவதற்குள் கிணற்றடியைச் சுற்றித் தகரம் வந்தது. அந்த மனிதர் நல்லவர். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியப்படுத்த ஒரு வழி இருந்திருந்தால் அந்த ஆசிரியை போயிருக்க மாட்டாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

பெண் அதிபர் இருக்கும் இடத்தில் இப்படியான விடயம் தானாகக் கண்ணில் படும். மாதவிடாய் நாளில் நாலு பாடம் தொடர்ந்து நிற்பது, கர்ப்பத்தில் ஸ்கூட்டியில் கிரவல் வீதியால் வருவது, பால் கட்டும் நெஞ்சோடு ஒன்றரை மணி வரை இருப்பது எல்லாம் அவர் பட்டவை.

அப்படியென்றால் பெண் அதிபரின் கீழ் ஆசிரியைகளுக்கு இலேசுதானே?

எல்லா இடத்திலும் இல்லை. "நான் மூன்று பிள்ளையைப் பெத்து வளர்த்துக்கொண்டு ஒரு நாள் லீவு எடுக்காமல் வந்தனான், உமக்கு என்ன?" என்று கேட்கும் பெண் அதிபர்களும் இருக்கிறார்கள். தான் பட்ட கஷ்டத்தையே அளவுகோலாக வைத்து மற்றவரை அளப்பது இது. சில இடங்களில் அதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. பெண்களுக்கு இரங்கினால் "பெண்டுகளுக்குச் சலுகை" என்று ஆண் ஆசிரியர்களும் ஊரும் சொல்வார்களோ என்று நினைத்து, ஆண் அதிபரைவிட இறுக்கமாக நடப்பார்கள். ஆண் அதிபர் ஒருவர் இரங்கினால் "பெரிய மனசு" என்று ஊர் சொல்லும். இந்த அநியாயத்தைச் சுமந்துகொண்டுதான் ஒரு பெண் அந்தக் கதிரையில் இருக்கிறார்.

பிரசவ லீவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள், பிறகு விரும்பினால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமின்றி 84 நாள். இது உரிமை, யாரும் தருகிற தயவு இல்லை. ஆனால் பதிலாள் வருவது அரிது. சின்னப் பாடசாலையில் ஒருவர் லீவில் போனால் மற்ற ஆறு பேரின் நேரசூசி வீங்கும். அதை எப்படிப் பங்கிடுவது என்று எல்லோரையும் இருத்திப் பேசுகிற அதிபரிடம் லீவு முடிய அந்த ஆசிரியை திரும்பி வருவார். "உம்மால்தான் எல்லாருக்கும் கரைச்சல்" என்று வாசலில் வைத்துச் சொல்கிறவரிடம், குழந்தையைக் காரணம் காட்டி இணைப்புக் கேட்டுப் போவார். சொன்னவர் ஆணா பெண்ணா என்று அந்த நேரம் பார்க்கத் தோன்றாது.

ஆண் ஆசிரியர்கள் பெண் அதிபரை ஏற்காமல் இருப்பது எப்படித் தெரியும்?

யாரும் வெளிப்படையாக எதிர்ப்பதில்லை. "அதிபர் ரீச்சர்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இல்ல மெய்வல்லுநர் போட்டி ஒழுங்கு என்றால் அவரைத் தாண்டிப் பிரதி அதிபரோடு பேசுவார்கள். கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேரே போன் எடுப்பார்கள். கூட்டத்தில் அவர் சொன்னதையே பத்து நிமிசம் கழித்து ஓர் ஆண் சொன்னால் "சேர் சொல்றது சரி" என்பார்கள். பெற்றோரும் அப்படித்தான்; அலுவலகத்துக்குள் அதிபர் இருக்க, முற்றத்தில் நிற்கும் ஆண் ஆசிரியரிடம் போய்ப் பிள்ளையின் பிரச்சினையைச் சொல்வார்கள்.

நான் பார்த்தவரை, இது இளம் ஆண் ஆசிரியர்களிடம் சீக்கிரம் மாறுகிறது. அவர்களில் பலரை வளர்த்ததே யுத்தத்துக்குப் பின் தனியாகக் குடும்பத்தைத் தூக்கிய தாய்மார்தான். பெண் முடிவெடுப்பது அவர்களுக்குப் புதுமை இல்லை.

ஓர் அதிபர் ஆசிரியரைத் தக்கவைப்பதை நீங்கள் கண்ணால் கண்டதுண்டா?

கண்டேன், அது ஒரு சிவப்புக் கோட்டில். ஏழரைக்குப் பாடசாலை தொடங்கியதும் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தியவர். எங்கள் பெண் அதிபர் இடாப்பையும் சிவப்புப் பேனையையும் கையில் வைத்துக்கொண்டு முன் விறாந்தையில் வீதியைப் பார்த்து நிற்பார். அங்கிருந்து பார்த்தால் பஸ் கிளப்பும் புழுதி தூரத்திலேயே தெரியும். புழுதி தெரிந்தால் பேனையை மூடுவார். பஸ் நின்று நாலு பேர் ஓடி வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் கோடு. பஸ் உரிய நேரத்துக்கு வந்தும் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்து வருபவருக்கு ஒரு நிமிசமும் காத்திருக்க மாட்டார்.

சட்டப்படி அது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் காலை மூன்றரைக்கு எழும்பி, 60 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் இடிபட்டு வந்த ஒருவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது பெரிய விடயம். அவர் இருந்த காலத்தில் தூரத்திலிருந்து வந்த நால்வரில் மூவர் சேவைக்காலம் முடிந்தும் நின்றார்கள். அதில் இருவர் ஆண்கள்.

பாலியல் தொந்தரவு காரணமாகப் போகிறவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதுவார்கள். இடமாற்றத்துக்கோ லீவுக்கோ சிபாரிசு செய்கிற அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது, அதை வைத்து ஒரு பெண்ணிடம் தகாததைக் கேட்பது நடக்கிறது. அது ஒழுக்கக் கேடு மட்டுமில்லை, குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைக் குற்றம் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வருகிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வந்த செய்திகளை அழிக்காதீர்கள். திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம்பக்கூடிய ஒருவரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள்.

வன்னியில் பெண் அதிபர்கள் ஏன் குறைவு?

தகுதி இல்லாமலில்லை. அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சையில் பெண்கள் சித்தியடைகிறார்கள். ஆனால் பொறுப்பேற்றால் தொலைவிலுள்ள பாடசாலைக்குப் போக வேண்டிவரும், மாலையில் கூட்டம் இருக்கும், ஞாயிறு சிரமதானம் இருக்கும். வீட்டுச் சமையலும் பிள்ளையின் ரியூசனும் மாமியாரின் கிளினிக்கும் அப்படியே அவர் தலையில்தான் இருக்கும். ஆண் அதிபருக்குப் பின்னால் ஒரு மனைவி அந்த வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார். பெண் அதிபருக்குப் பின்னால் யார்? இதைக் கேட்காமல் "பெண்கள் முன்வருவதில்லை" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தரும்.

சேலை கட்டாயம் ஆசிரியைகள் நிற்பதைப் பாதிக்குமா?

அதனால் மட்டும் யாரும் போனதை நான் காணவில்லை. ஆனால் சேற்று வீதியில் ஸ்கூட்டி ஓட்டி வருபவருக்கு அது தினசரிக் கரைச்சல். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் பாடசாலைக்குப் போய் நாடு முழுக்கப் பேச்சானது, அமைச்சோ சேலைதான் என்று நின்றது. ஈரத் தலைப்பைக் காய வைக்க ஓர் அறை கொடுப்பது அதிபரின் கையில் இருக்கிறது.

அதிபர் மாறியதும் யார் போகிறார்கள் என்று வலயம் எப்படி அறியலாம்?

கையில் இருக்கும் தகவலே போதும். ஒவ்வொரு பாடசாலையிலும் இடமாற்றம் கேட்டவர், இணைப்பில் போனவர், நீண்ட லீவில் இருப்பவர் என்று ஆண், பெண் பிரித்து, அதிபர் பொறுப்பேற்ற திகதியோடு மூன்று வருசத்துக்கு எழுதிப் பாருங்கள். ஒரு பாடசாலையில் பெண்கள் மட்டும் போகிறார்கள் என்றால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, ஆண்கள் மட்டும் போகிறார்கள் என்றால் வேறொன்று. போகிறவரை அதிபர் இல்லாத ஓர் அறையில் இருத்தி, பெண்ணென்றால் பெண் அதிகாரி ஒருவர், கால் மணித்தியாலம் பேசினாலே பாதி விளங்கிவிடும்.

நான் ஆண் அதிபர். எங்கள் பாடசாலையில் பதினொரு பேரில் ஒன்பது பேர் பெண்கள். என்ன செய்யலாம்?

மூத்த ஆசிரியை ஒருவருக்கு நலன்புரிப் பொறுப்பை எழுத்தில் கொடுங்கள். விடுதி, கழிவறை, லீவு பற்றி மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும், அவர் உங்களிடம் சொல்லட்டும். அவர் சொன்னதை யார் சொன்னது என்று தோண்டாதீர்கள். விடுதிக்குப் பகலில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். நேரசூசி போடும்போது கைக்குழந்தைக்காரிக்குக் கடைசிப் பாடத்தைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். அதை ஆண் ஆசிரியர்களுக்கும் செய்யுங்கள். தாய் படுக்கையில் இருக்கும் மகனுக்கும் வீட்டில் வேலை உண்டு.

நீங்கள் ஏன் போகவில்லை?

மூன்றாம் வருசம் நானும் இடமாற்றப் படிவம் நிரப்பினேன். முதல் அதிபர், அந்தத் தகரம் அடித்துத் தந்தவர், கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் மறிக்கேல்லை, ரீச்சர். பதினோராம் ஆண்டுக்கு எதுவரைக்கும் படிப்பிச்சனீங்கள் எண்டு எழுதித் தந்திட்டுப் போங்கோ, வாறவருக்குக் குடுக்க வேணும்." இரண்டு இரவு இருந்து எட்டுப் பக்கம் எழுதினேன். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் விளங்காது, எவன் கரும்பலகை தெரியாமல் பின்வாங்கில் இருக்கிறான், எல்லாம் அதில் வந்துவிட்டது. அந்த வருசம் பதிலாள் கிடைக்காததால் இடமாற்றம் நடக்கவில்லை. அடுத்த வருசம் படிவம் வந்தபோது நான் நிரப்பவில்லை. அந்த எட்டுப் பக்கமும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.